அப்பத்தா வைத்துப்போன முத்துமாலையை அறிந்துகொள்வது எப்படி

செட்டிநாட்டு வீடுகளில் பங்கு பிரிக்கும்போது பொன்னுக்கும் வைரத்துக்கும் எடையும் மதிப்பும் உடனே தெரிந்துவிடும். பெட்டகத்தின் அடியில் பழைய துணியில் சுற்றிக் கிடக்கும் முத்துச்சரத்தை மட்டும் எவரும் சட்டென்று மதிப்பிடத் துணிவதில்லை. அதைச் சோதிக்க விரும்புகிறவர், முத்து எப்படி உருவாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எல்லாச் சோதனைகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு நம் வீட்டுச் சுவரே நல்ல உவமை. சுண்ணாம்பைப் படிப்படியாக நயமாக்கிப் பல பூச்சுகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவைச் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியதால்தான் அந்தச் சுவர் இன்றும் பளிங்குபோல் வழவழக்கிறது. முத்தும் அவ்வாறே அமைந்தது: கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவமான அரகோனைட் என்னும் நுண்தகடுகள் செங்கற்களாக அடுக்கப்பட, கான்கியோலின் என்னும் புரதம் அவற்றுக்கிடையே சாந்தாகப் பிணைக்கிறது. ஒரு தகட்டின் கனம் ஏறத்தாழ அரை மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் சுமார் 2000 அடுக்குகள் அடங்கும். கொத்தனார் யாருமின்றி ஒரு சிப்பி இதைச் செய்து முடிக்கிறது.

மணற்பருக்கை உள்ளே புகுந்தால் முத்து விளையும் என்று பள்ளிக்காலம் முதல் கேட்டுவருகிறோம். மணலும் சேறும் கலங்கும் கடலடியில் வாழும் சிப்பிக்கு மணலை வெளியே தள்ளத் தெரியும் என்பதால், அப்படி விளைவது மிக அரிது. சிப்பியோட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய சதைமடிப்பு இருக்கிறது. ஓட்டைச் சுரந்து வளர்ப்பது அதுவே. ஒட்டுண்ணி துளைப்பதாலோ காயம் படுவதாலோ அந்த மடிப்பின் மேற்புறச் செல்கள் சில சதைக்குள் இடம் பெயர்ந்துவிட்டால், அவை அங்கே பெருகிச் சிறு பையாக மூடிக்கொண்டு, ஓட்டுக்குச் சுரக்க வேண்டியதைப் பைக்குள்ளேயே அடுக்கடுக்காகச் சுரக்கின்றன. வளர்ப்பு முத்தில் இதையே மனிதன் கைவேலையாகச் செய்கிறான்: சிப்பியோட்டைக் கடைந்து எடுத்த உருண்டை மணியையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் சேர்த்து உள்ளே வைக்கிறான்.

இனிச் சோதனைக்கு வருவோம். காலை வேளையில் வளவு வாசலில், நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வெள்ளைத்துணி விரித்துச் சரத்தை வையுங்கள். அசல் முத்துகள் நிறத்திலும் உருவத்திலும் ஒன்றுக்கொன்று சிறிதேனும் வேறுபடும். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் ஐயப்படலாம். அடுத்து, ஒரு முத்தை முன்பல்லின் விளிம்பில் மெல்லத் தேய்த்தால், அடுக்குகளின் ஓரங்கள் படிப்படியாக முடிவதால் நுண்மணல்போல் நறநறக்கும். கண்ணாடிப் போலி பெரும்பாலும் வழுக்கும். இது ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்துவிடக் கூடாது.

எனக்கு மிக நம்பகமாகப் படுவது துளைவாய்தான். நகைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்குப் பூதக்கண்ணாடியால் நூல் நுழையும் துளையைப் பாருங்கள். பூச்சு உரிந்து, அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது போலி. மேற்பூச்சுக்கும் உள்மணிக்கும் இடையே கோடு ஒன்று தென்பட்டால் பெரும்பாலும் வளர்ப்பு முத்து. வெங்காயம்போல் வளையம் வளையமாக உள்வரை சென்றால் இயற்கை முத்தாக இருக்கக்கூடும். அதை உறுதிப்படுத்த ஆய்வகத்தில் எக்ஸ்ரே எடுப்பதே வழி. குடும்ப வரலாறும் உதவும். உருண்டையான வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையில் பரவியது 1920-க்குப் பிறகுதான். நம் நாட்டில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது 1973-இல். ஆகவே 1920-க்கு முற்பட்ட கல்யாணத்தில் வந்த சரம் ஒன்று இயற்கை முத்து, இல்லையேல் போலி என்று தேர்வு சுருங்கிவிடுகிறது.

எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்கச் சொல்வோரும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். புளிப்பு பட்டால் சுண்ணாம்பு கரையும். அசல் முத்துதான் அதில் கெடும். பித்தளைக்குப் புளியும் பொன்னகைக்குப் பூந்திக்கொட்டையும் பழகிய கை, முத்தையும் அவற்றில் ஊறவைக்க நீளக் கூடாது. அணிந்து கழற்றியதும் ஈரம் பிழிந்த மென்துணியால் வியர்வையைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, வைரம் உரசாதபடி தனிப் பருத்தித்துணியில் சுற்றுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு லாக்கரில் ஆண்டுக்கணக்கில் பூட்டினால், முத்து தன்னுள் இருக்கும் சிறிதளவு ஈரத்தையும் இழந்து வெடிக்கக்கூடும். நூல் நைந்திருந்தால் பத்தரிடம் கொடுக்குமுன் முத்துகளை எண்ணி எழுதிவைத்துக்கொண்டு, பட்டுநூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சிட்டுக் கோத்துத் தரச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும்.