ஊருணிக்கு மழைநீரைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி

2024இல் மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றதும் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீருமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் செட்டிநாட்டு ஊர்கள், ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, தெருவுக்கு வந்து, வரத்துக்கால் எனும் நீர்வரத்து வாய்க்கால் வழியே ஊருணியைச் சேருமாறு வாட்டம் பார்த்து அமைக்கப்பட்டவை. அந்த வழியை மீட்க நினைக்கும் தெருவாசிகள் தூர்வாருவதிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வரத்து இல்லாத ஊருணியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அது வெறும் பள்ளமாகவே கிடக்கும்.

ஐப்பசியில் நல்ல மழை பிடிக்கும்போது குடையுடன் இறங்கி, தண்ணீரின் பின்னாலேயே நடந்து பாருங்கள். மேலே மேலே போட்டு வாசற்படிக்குச் சமமாக உயர்ந்துவிட்ட சிமெண்டுச் சாலை, வாய்க்காலின் குறுக்கே எழுந்த சுற்றுச்சுவர், மண்ணடைத்த சிறுபாலம் என அது எங்கெங்கே தேங்கித் திரும்புகிறதோ அங்கெல்லாம் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நில எல்லைகளைக் காட்டும் வருவாய்த்துறையின் புலப்பட நகலோடும் நில வகையைக் காட்டும் பதிவேட்டோடும் ஒப்பிட்டால் எது வாய்க்கால் புறம்போக்கு, எது பட்டா நிலம் என்பது தெரிந்துவிடும். படங்களும் நகலும் இணைந்த மனுவைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

வரத்துக்காலில் ஒரு வீட்டுக் கழிவுக்குழாய் சேர்ந்தாலும் ஊருணி கெடும். எனவே அத்தகைய குழாய்களை மாற்றிய பிறகே நீரை உள்ளே விட வேண்டும். ஊருணி வாயில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, ஆண்டுதோறும் புரட்டாசியில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

வீட்டளவிலும் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் தரும். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், சேதாரம் போக ஏறத்தாழ 4,000 லிட்டர் தேறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவின்படி, நால்வர் குடும்பத்துக்கு அது ஒரு வாரத் தண்ணீர். பருவத்தின் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டியில் பிடியுங்கள். மிகுந்ததைக் கிணற்றுக்குத் திருப்புங்கள்.

தூர்வாருவது கடைசி வேலை. சித்திரை, வைகாசியில் செய்யலாம். மண்வெட்டியில் பிசுபிசுவென்று களிமண் ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். நீரைத் தாங்கி நிற்பது அந்தக் களிமண் படுகைதான். அதைக் கிழித்துவிட்டால் ஐப்பசியில் நிறைந்த ஊருணி தை பிறக்கும் முன்பே வற்றிவிடும்.