நடுக்கடலில் குழந்தைக்கு வாந்தி, பேதி, காய்ச்சல்: கப்பல் பயணம் போகும் பெற்றோருக்கு

ஊரில் குழந்தை ராத்திரி வாந்தி எடுத்தால், "விடியட்டும், டாக்டரிடம் போவோம்" என்று இருப்பது பெரும்பாலும் தப்பில்லை. கப்பலில் அப்படி இருப்பதுதான் சிக்கல். விடியும்போது கப்பல் துறைமுகத்தில் நிற்கலாம். துறைமுகத்தை விட்டு ஆறு மணி நேரம் தள்ளியும் போயிருக்கலாம். அதனால் இங்கே சொல்வது எல்லாமே கடிகாரத்தை ஒட்டித்தான். சிங்கப்பூர் மரீனா பே குரூஸ் சென்டரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் மறுநாள் அட்டவணையில் மூன்று விஷயம் பாருங்கள். கப்பல் எத்தனை மணிக்குக் கரை சேர்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, துறைமுக மேடையில் கட்டுகிறதா அல்லது நங்கூரம் போட்டுப் படகில் இறக்குகிறதா. பினாங்கில் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் மேடையிலேயே கப்பல் கட்டும், இறங்கினால் ஊர். புக்கெட்டில் பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு வெளியே நின்று சிறு படகில் ஆட்களை அனுப்பும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையில் நேராக அடிக்கும். அலை கூடினால் படகு ஓடாது. குழந்தையை இறக்கலாமா என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை கேபினுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். மருந்து பெட்டிக்குள் போய்விட்டால் இல்லாததற்குச் சமம். கைப்பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், 5 மற்றும் 10 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்ச், பாராசிட்டமால் சிரப், ஜிங்க் மருந்து, இரண்டு செட் மாற்றுடை, ஜிப் பூட்டுள்ள பிளாஸ்டிக் பைகள், பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது 200 மி.லி. தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டையே கேளுங்கள். ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டைக் கேபினில் கலக்க அளவான பாத்திரம் இருக்காது. அரை பாக்கெட்டை அரை லிட்டரில் கொட்டுவது கண் திட்டம்தான்: உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறும், குறைந்தால் பயனில்லை. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று போட்டிருக்க வேண்டும். டெட்ரா பேக்கில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் வருபவற்றில் பல சர்க்கரைத் தண்ணீர், பேதியைக் கூட்டும். அந்த ஃபார்முலாவுக்கு ஒவ்வாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதே இதனால்தான்.

பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என்று இரண்டு வீரியம் புழக்கத்தில் இருக்கிறது. அப்பா ஒரு பாட்டில், பாட்டி ஒரு பாட்டில் எடுத்து வந்து, "எப்போதும் கொடுக்கும் 5 மி.லி." என்று ஊற்றும்போது டோஸ் இரட்டிப்பாகிறது. ஒரே பாட்டில் எடுங்கள். குழந்தையின் எடையை ஊரிலேயே பார்த்து மூடி மேல் எழுதி ஒட்டுங்கள். ஒரு டோஸ் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம்; 24 மணி நேரத்தில் நான்கு டோஸுக்கு மேல் வேண்டாம்.

ஏறும்போது கொடுக்கும் உடல்நலப் படிவத்தில் சமீபத்தில் வாந்தி, பேதி, காய்ச்சல் இருந்ததா என்று கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். கப்பல் மருத்துவர் பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்ளவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் கரையிலேயே டாக்டரிடம் சீட்டு வாங்கி இன்சூரன்ஸில் கேட்கலாம். மறைத்து ஏறி இரண்டாம் நாள் மோசமானால் கிளெய்மையும் இழப்பீர்கள், பக்கத்து கேபின்காரருக்கும் கொடுத்துவிடுவீர்கள்.

கடல் மயக்கமா, கிருமியா?

முதல் வாந்தி வந்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. கடல் மயக்கத்தில் காய்ச்சலோ பேதியோ இருக்காது. கப்பல் ஆடும்போது வரும், படுக்கவைத்தால், ஆட்டம் நின்றால் தணியும். இரண்டு வயதுக்குக் கீழே அது அபூர்வம். கப்பல் அசையாமல் துறைமுகத்தில் நிற்கும்போதும் வாந்தி தொடர்ந்தால், கூடவே பேதியோ உடல் சூடோ இருந்தால், நோரோவைரஸ் என்றே எடுத்துக்கொண்டு நடங்கள். 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நார்வாக் என்ற ஊரின் பள்ளியில் பரவியதால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்ட கிருமி இது. உடலில் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும்; ஒன்றிலிருந்து மூன்று நாளில் ஓயும். ஆக, ஏறிய அன்று ராத்திரியே வாந்தி என்றால் பெரும்பாலும் கப்பல் சாப்பாட்டின் மேல் பழி இல்லை. விமானத்திலோ ஹோட்டலிலோ வாங்கி வந்தது.

சந்தேகம் தீராமல் கடல் மயக்க மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். அவோமின் போன்றவற்றில் இருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சை மந்தப்படுத்தும். பெரிய குழந்தைக்கும் தூக்கம் தள்ளும்; அப்புறம் துவண்டு கிடப்பது மருந்தாலா, நீர் வற்றியதாலா என்று யாருக்கும் தெரியாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை குழந்தைகளுக்கானது இல்லை.

முதல் ஒரு மணி நேரம்

நேரத்தைக் குறியுங்கள். கைபேசியில் ஒரு குறிப்பைத் திறந்து வாந்தி, பேதி, சிறுநீர், கொடுத்த திரவம், கொடுத்த மருந்து எல்லாவற்றுக்கும் மணி எழுதுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான்?" என்பதுதான். தூக்கக் கலக்கத்தில் அது யாருக்கும் நினைவிருக்காது.

பிறகு கேபின் போனில் மெடிக்கல் சென்டருக்குச் சொல்லுங்கள். சொன்னால் கேபினில் அடைத்துவிடுவார்களே என்று தயங்குகிறவர்கள் நிறைய. அடைப்பார்கள்தான், பொதுவாக அறிகுறிகள் நின்று 24 மணி நேரமாவது வெளியே வர விடமாட்டார்கள். ஆனால் சாப்பாடு வாசலுக்கு வரும், சுத்தம் செய்யத் தனிக் குழு வரும், முக்கியமாக உங்கள் பிரச்சினை மருத்துவர் கையில் மணி நேரத்தோடு பதிவாகிவிடும். மறுநாள் காலை பினாங்கில் இறக்க வேண்டுமா என்ற முடிவை அவர் முன்னிரவே யோசிக்க ஆரம்பிப்பார். இன்சூரன்ஸுக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம்.

வாந்தியைக் கேபின் துண்டால் நீங்களே துடைக்காதீர்கள். அந்தத் துளிகளிலிருந்துதான் குடும்பத்தில் மற்றவருக்குப் போகும். இருபதுக்கும் குறைவான கிருமிகளே தொற்றப் போதும். துணியை நனைத்து மேலே மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அழுக்கான உடுப்பைப் பையில் கட்டி, என்ன என்று சொல்லிக் கொடுங்கள். கழிப்பறையை மூடியபின் தண்ணீர் விடுங்கள். டயபரையும் ஈரத் துடைப்பானையும் அதில் போடாதீர்கள். கப்பலில் இருப்பது காற்றால் உறிஞ்சும் கழிப்பறை. அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து நிற்கும், இந்த நேரத்தில் அது வேறு வேண்டாம். சாப்பாட்டு அறை வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல்லை நம்பாதீர்கள்; நோரோவைரஸ் அதற்குச் சரியாக மடங்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 விநாடி.

திரவக் கணக்கு

வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் எதுவும் வேண்டாம். பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிரிஞ்சாலோ கரண்டியாலோ, ஒரு தடவைக்கு 5 மி.லி. கப்பில் கொடுத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்து அப்படியே திருப்பி எடுத்துவிடும். "எதுவும் தங்கவில்லை" என்று வரும் குழந்தைகளில் பாதி இப்படித்தான்.

நீர் கொஞ்சம் வற்றியிருக்கிறது என்றால் (தாகம், வறண்ட நாக்கு, எரிச்சல், உள்வாங்கிய கண்) கிலோவுக்கு 75 மி.லி. நான்கு மணி நேரத்தில். 14 கிலோ குழந்தைக்கு 1,050 மி.லி. மலைப்பாகத் தெரியும். நிமிடத்துக்கு ஒரு தடவை 5 மி.லி. என்றால் நான்கு மணி நேரத்தில் 1,200 மி.லி. ஆகிவிடும். பெற்றோர் இருவரும் மணிக்கு மணி முறை மாற்றிக்கொண்டு செய்தால் முடிகிற வேலைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே வேண்டாம்.

இளநீர் நல்லதுதான், ஆனால் சோடியம் போதாது, கரைசலுக்குப் பதிலாகாது. கோலாவின் வாயுவைப் போக்கிக் கொடுப்பது, ஜூஸ் கொடுப்பது இரண்டும் வேண்டாம். வாந்தி நின்ற சில மணி நேரத்தில் சாப்பாடு தொடங்கலாம். ஆசியக் கடலில் ஓடும் கப்பல்களின் காலை உணவில் அரிசிக் கஞ்சி அநேகமாக எப்போதும் இருக்கும். சீனப் பயணிகளுக்காக வைப்பது, நமக்கும் வாய்ப்பு. மேலே போடும் எண்ணெய், சாஸ் எதுவும் இல்லாமல், வாழைப்பழமும் தயிரும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஜிங்க் தினம் 20 மி.கி., பேதி நின்றாலும் 14 நாள். பேதியை நிறுத்தும் லோபெரமைடு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்; குடல் அசைவை முடக்கிவிடும். நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரோஃபென் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். தென்கிழக்கு ஆசியாவில் டெங்கு சந்தேகமும் எப்போதும் உண்டு என்பதால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆண்டிபயாடிக்கை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வாந்திக்கு ஒன்டான்செட்ரான் ஒரு டோஸ் உதவும். அது கப்பல் மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டியது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவள்கிறது, மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அவசர எண்ணை அழுத்துங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் கரண்டியோ விரலோ விடாதீர்கள், கையில் இரும்பு வைப்பதில் பயனில்லை, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டுவது அவசரம். தாண்டும்வரை காத்திராமல் தொடங்கும்போதே போன் செய்யுங்கள்.

மெடிக்கல் சென்டர் பெரும்பாலும் கீழ்த் தளங்களில் இருக்கும். ட்ரிப்ஸ், ஆக்சிஜன், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்-ரே போன்றவை அங்கே முடியும். குழந்தைநல நிபுணரை எதிர்பார்க்க முடியாது. குடல்வால் அறுவைச் சிகிச்சை நடக்காது. அதனால்தான் கேட்க வேண்டிய கேள்வி "சரியாகிவிடுமா?" அல்ல. "அடுத்த துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரம், அதுவரை இங்கே தாங்குமா, அதைத் தவறவிட்டால் அதற்கடுத்தது எப்போது?" என்று கேளுங்கள்.

இறங்க வேண்டி வந்தால்

மருத்துவர் இறங்கச் சொன்னால் கப்பல் கம்பெனியின் துறைமுக ஏஜென்ட் ஆம்புலன்ஸுக்கும் குடிநுழைவுக்கும் ஏற்பாடு செய்வார். எல்லோரும் சேர்ந்தே இறங்குங்கள். பாதிக் குடும்பம் ஆஸ்பத்திரியில், பாதி கப்பலில் என்று பிரிந்தால் பாஸ்போர்ட்டும் காசும் தவறான கையில் மாட்டிக்கொள்ளும். தாத்தா பாட்டி போன்ற பெரியவர்களோடு இன்னொரு குழந்தை தொடர்வதாக இருந்தால், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

கப்பல் வாங்கி வைத்திருந்தால் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குவது முதல் வேலை. பிறகு மருத்துவ அறிக்கை, கட்டிய பில், மருந்து, சார்ஜர். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்குக் கொடுத்துவருகிறது; டிஜிட்டல் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். திரும்ப சிங்கப்பூர் வழியாகத்தான் ஊருக்கு விமானம் என்றால் உங்கள் சிங்கப்பூர் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எண் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தாய்லாந்தில் 1669. சிங்கப்பூர் திரும்பியபின் மோசமானால் கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனி அவசரப் பிரிவு இருக்கிறது.

பணம்

கப்பல் மருத்துவச் செலவு நேராக உங்கள் கேபின் கணக்கில் ஏறும். இன்சூரன்ஸ் இருந்தாலும் முதலில் நீங்கள் கட்டி, ஊர் வந்து கேட்க வேண்டும். பாலிசி வாங்கும்போதே கப்பல் பயணம் சேர்கிறதா, கப்பல் தொடும் எல்லா நாடும் அடங்குகிறதா, மருத்துவக் காரணத்துக்காக இடம் மாற்றும் செலவு உண்டா, பயணம் பாதியில் நின்றதற்கு ஈடு உண்டா என்று நான்கையும் எழுத்தில் பாருங்கள். கேபினில் அடைபட்ட நாளுக்குப் பணம் தருவது சில பாலிசிகளில் மட்டும் உண்டு. பாலிசிப் பக்கத்தையும் உதவி எண்ணையும் கைபேசியில் படமாக வைத்திருங்கள். கடலில் இருக்கும்போது சாதாரண ரோமிங்கில் பேசினால் சாட்டிலைட் கட்டணம் ஆளை விழுங்கிவிடும். விமானப் பயன்முறையில் போட்டு, கப்பல் வைஃபையில் வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள்.

அறிக்கையில் நோயின் பெயர், தேதி, மருத்துவர் கையெழுத்து, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை தனிமைப்படுத்தினார்கள் என்பது, இறங்கச் சொன்னது யார் என்பது இருக்க வேண்டும். "இறங்குவது பயணியின் விருப்பம்" என்று ஒரு வரி விழுந்துவிட்டால் கிளெய்ம் இழுபடும். கப்பலை விட்டு இறங்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

வீடு வந்தபின் கடைசி வாந்தி, பேதிக்குப் பிறகு 48 மணி நேரம் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். குழந்தை தேறிவிட்டாலும் மலத்தில் கிருமி இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் வரும் என்பதால், டயபர் மாற்றுகிற கையால் சமையலறைக்குப் போகும் முன் சோப்பு.