உங்கள் பெயரைப் பென்சிலில் கிராஃபிட்டியாக வரைவது எப்படி?

‘டாக்கி 183’ என்று மார்க்கர் பேனாவால் நியூயார்க் முழுக்க எழுதிக்கொண்டே போனார் ஓர் இளைஞர். இப்படிப் பொதுச் சுவர்களில் எழுதுவதும் வரைவதும்தான் கிராஃபிட்டி. டாக்கி என்பது அவருடைய செல்லப்பெயர், 183 அவர் குடியிருந்த தெருவின் எண். 1971-இல் நியூயார்க் டைம்ஸில் அதுபற்றிச் செய்தி வந்தபிறகு, அவரைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் பெருகினார்கள். கொஞ்ச நாளில் ஃபேஸ் 2 என்ற கலைஞர் அந்த எழுத்துகளை உப்பவைத்தார். அந்த உப்பிய எழுத்தைத்தான் இப்போது தமிழில் வரையப்போகிறோம்.

தேவையானவை: ஏ4 டிராயிங் தாள், எச்பி, 2பி, 6பி பென்சில்கள் (இந்த வரிசையில் கருமை கூடிக்கொண்டே போகும்), ரப்பர், டிஷ்யூ பேப்பர்.

1. எலும்புக்கூடு

எச்பி பென்சிலை அழுத்தாமல் பிடித்து, உங்கள் பெயரை நீங்கள் எப்போதும் எழுதுகிற மாதிரியே பெரிதாக எழுதுங்கள். கணினி எழுத்துருவைப் பார்த்து எழுத வேண்டாம். உங்கள் ‘ல’ ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சாய்ந்தே இருக்கட்டும், அந்தச் சாய்வுதான் நீங்கள். டாக்கி மாதிரி கூடவே ஓர் எண்ணும் சேர்க்கலாம். தினமும் ஏறுகிற பஸ் எண்ணாக இருந்தால் இன்னும் நன்று.

2. உப்பவைத்தல்

ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் அரை சென்டிமீட்டர் தள்ளி, மூலைகளை உருட்டி வெளிக்கோடு போடுங்கள். எண்ணெயில் எழும்பும் பூரி போல எழுத்து புடைக்க வேண்டும். ம, ல, ழ எல்லாம் ஏற்கெனவே வளைந்தவை, சுலபமாக வந்துவிடும். க, ட இரண்டுக்கும்தான் பொறுமை வேண்டும். சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டுவிட்டால் எழுத்தே தெரியாது, சின்ன ஓட்டையாவது விடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைத் தயங்காமல் பெரிய உருண்டையாக்குங்கள். ஓர் எழுத்து அடுத்ததன் மேல் லேசாக ஏறி நிற்கட்டும். பிறகு உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டை அழித்துவிடுங்கள்.

3. நிழல்

படத்துக்கு உயிர் வருவது இங்கேதான். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் வலது, கீழ் ஓரங்களிலிருந்து ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்து, முனைகளை இணைத்து, 6பி-யால் கறுப்பாக நிரப்புங்கள். சாய்வு ஓரிடத்தில் மாறினாலும் எழுத்து தட்டையாகிவிடும். அப்புறம் எழுத்துக்குள் அடிப்பகுதியில் 2பி தீட்டி, டிஷ்யூவால் மேல்நோக்கித் தேயுங்கள். இடது மேல் ஓரத்தில் அவரை விதை அளவுக்கு வெள்ளையாக விட்டுவிடுங்கள், பளபளப்பு வந்துவிடும். தேய்க்கும்போது கைக்கு அடியில் வேறு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

4. சுவர்

பின்னால் செங்கல் கட்டுமானம் வரையுங்கள். ஸ்கேல் வேண்டாம். மேல் வரிசையின் இணைப்பு, கீழ்க் கல்லின் நடுவில் வர வேண்டும். எல்லாக் கல்லையும் வரையாமல் அங்கங்கே நிறுத்திவிடலாம். எழுத்தின் அடியிலிருந்து இரண்டு மூன்று பெயின்ட் ஒழுகல்கள், வெவ்வேறு நீளத்தில், நுனியில் ஒரு சொட்டோடு.

இதையே நிஜச் சுவரில் பெரிதாக்க ஆசையா? படத்தின் மேல் கட்டம் போட்டு, சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டுக் கட்டம் கட்டமாக மாற்றுங்கள். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.