வறுமை விகிதத்தை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினான். இந்தியாவில் வறுமை 1993-94இல் 36 சதவீதம், 2004-05இல் 37.2. “கூடியிருக்கு சார்!” எனக்குச் சுரீரென்றது. பல வருஷங்களுக்கு முன் நானும் இதே கோட்டைத்தான் இழுத்தேன்.

தசமப் புள்ளி இடம் மாறுவது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அதையெல்லாம் பக்கத்து மேஜைக்காரரே பிடித்துவிடுவார்.

நடுவில் முழக்கோலை மாற்றுவது

36 என்பது லக்டாவாலா குழு வகுத்த பழைய வறுமைக் கோட்டு முறையில் வந்த எண். 37.2, டெண்டுல்கர் குழு 2009இல் வறுமைக் கோட்டைத் திருத்திய பிறகு வந்தது. பழைய முறையில் 2004-05க்கு 27.5தான். புதிய முறையில் 1993-94க்கு 45.3. எந்தக் கோலால் அளந்தாலும் எட்டுப் புள்ளிக்கு மேல் இறக்கம். ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டினால்தான் ஏற்றம்.

என் வரைபடம் அச்சேறிவிட்டது. நாலாம் நாள் ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை: ‘36 – 27.5. 45.3 – 37.2.’ வேறு ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். எந்த முறை என்பது அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே இருந்தது. நான் எண்களை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டேன். இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எரிச்சலாக வருகிறது.

கோடு மாறாவிட்டாலும் கேள்வி மாறும். வறுமை விகிதத்துக்கு அடிப்படையான வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில், 1999-2000இல், ஒரே வீட்டில் உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்கும் கேட்டார்கள், பக்கத்திலேயே 7 நாளுக்கும் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதை இழுத்தது, 30 நாள் கணக்கு ஊதிப்போனது; செலவு கூடத் தெரிந்ததால் வறுமை குறைவாகத் தெரிந்தது. அதில் வந்த 26.1ஐப் பழைய 36க்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2011-12க்கும் 2022-23க்கும் இடையிலும் கேள்வித்தாள் மாறியிருக்கிறது. உலக வங்கியின் நாளுக்கு 3 டாலர் கோட்டில் 27.1 என்பது 5.3 ஆனதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இல்லாத வருஷத்துக்குப் புள்ளி வைப்பது

2017-18 கணக்கெடுப்பை அரசு வெளியிடவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

தலைகளை எண்ணாமல் விடுவது

டெண்டுல்கர் முறையில் 45.3, 37.2 ஆக இறங்கிய அதே காலத்தில் ஏழைகளின் எண்ணிக்கை 40.37 கோடியிலிருந்து 40.71 கோடி ஆனது. மக்கள்தொகை பெருகியதுதான் காரணம். இரண்டு வாக்கியமும் உண்மை. ஒன்றை மட்டும் தலைப்பாக்கினால் ஏமாற்று.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

ஒன்றல்ல. 45.3, 37.2 ஆனால் இறக்கம் 8.1 சதவீதப் புள்ளி; சதவீதத்தில் சொன்னால் சுமார் 18.

பன்முக வறுமையை இதோடு கலப்பது

நிதி ஆயோக் பன்முக வறுமைக்குச் சொல்லும் 24.85, 14.96 சதவீதங்கள் வேறு தராசு. கழிப்பறை, சமையல் எரிபொருள், பள்ளிப் படிப்பு எல்லாம் அதில் உண்டு. அரிசிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.