துப்பாக்கி இறக்குமதித் தடையை எதிர்த்து வழக்காடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இளம் வழக்கறிஞர் ஒருவர் கொண்டுவந்த வழக்குக் கட்டைப் பிரித்தபோது, என் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த அதே பிழை முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டது. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

அடிப்படை உரிமை என்ற வாதம்

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை நம் அரசமைப்பு யாருக்கும் வழங்கவில்லை. அதிகாரி தன்னிச்சையாக நடந்தாரா என்பதை, சட்டத்தின்முன் சமத்துவம் தரும் 14ஆவது உறுப்பின் வழியே கேளுங்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஆணை என்று பாராமை

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப் பிரிவு 10 இறக்குமதிக்கு உரிமம் கேட்கிறது. 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வர்த்தகச் சட்டம் கொள்கைக் கட்டுப்பாட்டை விதிக்கிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் சரக்கைப் பறிமுதல் செய்கிறது. ஒன்றில் வென்றாலும் மற்றது நிற்கும். உரிமம் மறுக்கப்பட்டால் ஆயுதச் சட்டப் பிரிவு 18இன்படி மேல்முறையீடு உண்டு; ஆனால் அரசே பிறப்பித்த ஆணைக்கு அந்த வழி இல்லை, உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

கோரிக்கை மனு எழுதிக்கொண்டே நாளைக் கடத்துவது

என்னிடம் வந்த துப்பாக்கி சுடும் வீரர் ஒருவரின் போட்டித் துப்பாக்கி, உரிமத்தில் இருந்த விவரத்தோடு பொருந்தவில்லை என்று பறிமுதல் செய்யப்பட்டது. ஆணை நியாயமற்றது என்ற உறுதியில், மறுபரிசீலனை கோரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மனுக்களை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும் எனக் காத்திருந்தேன். சுங்கச் சட்டப் பிரிவு 128இன்படி, ஆணை கைக்குக் கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள் கிடைக்கும். அதற்குப் பிறகு தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு ஆணையருக்கு இல்லை. நான் ரிட் மனுவோடு, அதாவது அரசின் ஆணையை நேரடியாக எதிர்க்கும் மனுவோடு, உயர் நீதிமன்றம் சென்றது 112ஆவது நாள். சட்டம் தந்த வழியை ஏன் விட்டீர்கள் என்று கேட்ட நீதிபதிக்கு என்னிடம் பதில் இல்லை; மனு தள்ளுபடியாயிற்று, துப்பாக்கியும் திரும்பவில்லை.

கோரிக்கை மனுவுக்குப் பதில் வந்தாலும் காலாவதியான உரிமைகோரல் உயிர்பெறாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சி.ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் வகுத்த காலவரம்பு முற்றிலும் கடந்தபின் ரிட் மனுவை ஏற்கக் கூடாது என்று 2020இல் கிளாக்சோ வழக்கிலும் கூறியது. இத்தனைக்குப் பின்பும் அந்த இளம் வழக்கறிஞரின் வழக்குக் கட்டில் நான்கு கோரிக்கை மனுக்கள் இருந்தன, மேல்முறையீடு ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமையாகவே இருக்கிறது. மனு எழுதுங்கள், தவறில்லை. மேல்முறையீட்டைத் தாக்கல் செய்துவிட்டு எழுதுங்கள்.

மீட்பு அபராதத்தைக் கேட்காமல் விடுவது

பறிமுதலான பொருளை அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பைச் சுங்கச் சட்டப் பிரிவு 125இன்படி மாற்றுக் கோரிக்கையாகவேனும் கேளுங்கள். தடை செய்யப்பட்ட பொருளுக்கு அது அதிகாரியின் விருப்புரிமை. மற்றவற்றுக்கு அவர் தந்தாக வேண்டிய வாய்ப்பு.

உரிமம் வருமுன் சரக்கை வரவழைப்பது

கூடவே கூடாது.

ஆணை வந்த அஞ்சல் உறையை எறிவது

ஆணை கைக்கு வந்த நாளுக்குச் சில வழக்குகளில் அது ஒன்றே சான்று.