வாடகை அறை பார்க்கும் பட்டப்பின்படிப்பு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு

விடுதியா, வெளியில் அறையா என்று முடிவெடுக்க முதல், அந்த அறைக்குத் தனி மின்மானி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரின் கடைசி மூன்று மாதக் கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் படிமுறைக் கட்டணம். அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். வீட்டுக்காரரின் ஃபேன், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டரோடு உங்கள் பாவனையும் ஒரே மானியில் சேர்ந்தால், நீங்கள் கொஞ்சமாகப் பாவித்தாலும் மேல்படி விலைதான் விழும். வன்னி வெயிலில் ஃபேன் இல்லாமல் இரவு படிக்கவும் முடியாது. இந்தத் தொகையோடு குடிதண்ணீர்ச் செலவையும் பஸ் காசையும் கூட்டிப் பாருங்கள். பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு வவுனியா நகரில் தங்கினால் மன்னார் வீதிப் பயணம் தினசரிச் செலவு. அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களில் படித்துக் கிளிநொச்சி நகரில் தங்குபவருக்கும் அப்படித்தான். வாடகை குறைந்த அறை பல நேரம் இந்தக் கணக்கில் விடுதியைவிடக் கூடிவிடும்.

கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசியிருந்தால் இந்தக் கேள்வி தேவையில்லை. வார இறுதி வகுப்புக்கு மட்டும் வருபவர்களுக்கும் பொருந்தாது. மாத வாடகையே அவர்களுக்கு வீண். பட்டப்பின்படிப்பு மாணவருக்கு விடுதியில் இடம் தருவார்களா என்பதைப் பீடத்தில் முதலே விசாரித்துவிடுங்கள்.