பழைய வீடியோ கேமைப் புதிய டிவியில் இணைக்கும்போது

பொள்ளாச்சியில் எங்கள் தோப்பு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பழைய கேசட் வீடியோ கேமைப் புதிய எல்இடி டிவியில் இணைத்தபோது, மரியோ குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காமல் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்ததால், பழைய விளையாட்டுகள் இக்காலத்துக்கு ஒத்துவராது என்று அண்ணன் மகன் ஒதுக்கிவிட்டான். குறை விளையாட்டில் இல்லை. 1985-இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், படத்தை ஏறக்குறைய உடனே காட்டிவிடும் பிக்சர் டியூப் டிவிக்காக உருவாக்கப்பட்டது. இன்றைய டிவியோ ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிய பின்னரே காட்டுவதால், பட்டனை அழுத்துவதற்கும் மரியோ குதிப்பதற்கும் இடையே தாமதம் நேர்கிறது. ஆகவே, டிவி செட்டிங்ஸில் 'கேம் மோட்' வசதியை இயக்கிவிட்டு, திரை அளவை 16:9-இலிருந்து 4:3-க்கு மாற்றுங்கள். உருவங்கள் அகலவாக்கில் இழுபட்டுத் தெரிவதும் நின்றுவிடும். இவ்விரண்டையும் செய்தபின் அவன் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

என் கணிப்பில், இத்தகைய இருபரிமாண விளையாட்டுகள் இன்றைய விளையாட்டுகளுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. 1990-களின் நடுப்பகுதியில் வந்த முப்பரிமாண விளையாட்டுகள் பலவற்றில் மட்டும், கேமரா கோணம் கைக்கு அடங்காமல் போவதை எந்த செட்டிங்கும் சரிசெய்யாது.